கெப்பிட்டிப்பொலத் திசாவை: ஒரு வாழ்க்கை வரலாற்றின் சான்றுகள்

கண்டி நகரிலே, தலதா மாளிகைக்கு முன்னால் விரிந்து கிடக்கும் திடலில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கின்றது. அதன் அடியில் ஒரு மனிதரின் மண்டையோடு மட்டும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றது. 1818 ஆம் ஆண்டின் கார்த்திகை மாதத்தில் போகம்பறையிலே உடலினின்றும் பிரிக்கப்பட்ட அந்தத் தலை, கடல் கடந்து ஸ்கொத்லாந்து சென்று, எடின்பரோ நகரத்து அரும்பொருட் கூடமொன்றில் நெடுங்காலம் இருந்து, 1954 ஆம் ஆண்டிலே மீண்டும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறந்த மண்ணைவிட்டு அது பிரிந்திருந்த காலம் ஏறக்குறைய நூற்று முப்பத்தாறு ஆண்டுகள். அத்தலைக்கு உரியவர் மொனரவில கெப்பிட்டிப்பொல என்னும் ஊவாத் திசாவை.

மொனரவில என்பது அவருடைய குடும்பத்தின் ஊர்ப்பெயர். சிங்களத்தில் மொனர என்றால் மயில். வில என்பது ஈழத்துத் தமிழர் இன்றும் வழங்கும் வில்லு என்னும் நீர்நிலைப் பெயரோடு உறவுடையது. மயில் உலாவும் வில்லு என்று பொருள்படும் அழகிய பெயர். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கியவரின் இளமைக்காலம் எத்தகையது, கல்வி எங்கே பெற்றார், அரசவையில் எவ்வாறு படிப்படியாக உயர்ந்தார் என்று ஆராயப் புகுவோர்க்குக் கிடைப்பன சில பட்டப் பெயர்களும் உறவு முறைகளுமே. அவருடைய வாழ்வில் நன்றாக ஒளி விழுந்துள்ள பகுதி ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்கள்தாம். அந்த ஒளியும் பகைவர் ஏற்றிய விளக்கிலிருந்து வந்ததாகும். அவரைத் துரத்தியவர்களும், சிறைப்பிடித்தவர்களும், விசாரித்துத் தண்டித்தவர்களுமே அவரைப் பற்றி எழுதி வைத்தார்கள்.

அவ்வாறு எழுதியோருள் முதன்மையானவர் ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவர். 1808 ஆம் ஆண்டு முதல் 1821 ஆம் ஆண்டு வரை இலங்கையில் பணியாற்றியவர். நோயினால் மாண்ட போர்வீரரின் கணக்கை முறைப்படி தொகுத்து ஆராய்ந்தமைக்காக மருத்துவ உலகில் இன்றும் நினைக்கப்படுபவர். இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் 1846 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலகம் நடந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் அச்சேறிய நூல் அது; ஆயினும் கண்டியில் வாழ்ந்து, அங்கு நடந்தவற்றை அருகிலிருந்து அறிந்தவரின் எழுத்து. இரண்டாமவர் ஜோன் டேவி. வேதியியல் மேதை ஹம்பிரி டேவியின் உடன்பிறந்தவர். தேசாதிபதி பிரவுன்றிக்கின் மருத்துவராக வந்தவர். அவருடைய நூல் 1821 ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. கண்டி வீழ்ச்சியின் கதையை நமக்கு விரித்துரைப்போர் இருவரும் மருத்துவராயிருப்பது வியப்புக்குரியதன்று. படையோடு சென்றும் படைத்தொழில் புரியாதவர்கள் அவர்கள். பார்க்கவும் எழுதவும் பொழுது உள்ளவர்கள்.

மூன்றாவது சான்று ஜோன் டொயிலியின் நாட்குறிப்பு. சிங்கள மொழியைக் கசடறக் கற்று, ஒற்றர் வழியாகக் கண்டியரசின் உட்பூசல்களையெல்லாம் அறிந்து, அவ்வரசை வீழ்த்த வழிசெய்த அறிவாளி இவர். 1810 ஆம் ஆண்டு முதல் 1815 ஆம் ஆண்டு வரை அவர் நாள்தோறும் எழுதிய குறிப்புகள் 1917 ஆம் ஆண்டிலே அச்சாயின. கண்டிப் பிரதானிகள் யாரிடம் என்ன பேசினர், எவருக்கு எவர் ஓலை அனுப்பினர் என்பவற்றுக்கெல்லாம் அதுவே களஞ்சியம். எனினும் கெப்பிட்டிப்பொலவின் வரலாற்றை நாடுவோருக்கு அது பாதி வழியிலேயே நின்று விடுகின்றது. கலகம் மூண்டது 1817 ஆம் ஆண்டிலன்றோ? சிங்களப் புலவர்கள் பாடிய ஹட்டன என்னும் போர்க்காவியங்களும் உள்ளன. அவற்றுள் வடிக ஹட்டன என்பது கடைசி மன்னனின் வீழ்ச்சியைக் கூறுவது. வடிக என்ற சொல் நமது வடுகர் என்பதே. அவை காட்டுவது அக்காலத்து மனப்பாங்கையேயன்றி, நாளையும் திகதியையும் அன்று.

இச்சான்றுகளைக் கொண்டு திசாவையின் வாழ்வை ஒருவாறு தொடுத்துப் பார்க்கலாம்.

கண்டியை இறுதியாக ஆண்டவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்னும் இயற்பெயர் உடையவன். மதுரை நாயக்கர் வழியோடு உறவுகொண்ட குடியிற் பிறந்தவன். அவனுக்கும் சிங்களப் பிரதானிகளுக்கும் இடையே பகை முற்றியபோது, முதலதிகாரியாயிருந்த எகலப்பொல 1814 ஆம் ஆண்டிலே ஆங்கிலேயரிடம் ஓடிப் புகலடைந்தார். அரசனின் கோபம் கண்டியிலே பிணையாக இருந்த அவருடைய மனைவி மக்கள்மேல் விழுந்தது. பிள்ளைகள் வெட்டுண்டனர், எகலப்பொலக் குமாரிகாமி நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். அவள் கெப்பிட்டிப்பொலவின் உடன்பிறந்தாள். தமக்கை தங்கையருக்கு நேர்ந்த கொடுமையை ஒரு தமையன் மறப்பது எளிதன்று. ஆதலின் 1815 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் மன்னன் மெதமஹனுவரைக் காட்டுப்புறத்தில் பிடிபட்டபோது கெப்பிட்டிப்பொல ஆங்கிலேயர் பக்கம் நின்றதில் புதுமை ஏதுமில்லை.

1815 ஆம் ஆண்டு பங்குனி 2 ஆந் திகதி, கண்டியின் மகுல் மடுவவிலே ஓர் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. மரத்தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த மண்டபத்தை இன்றும் தலதா மாளிகையை அடுத்துக் காணலாம். நாயக்கர் குலத்துக்கு இனி இந்நாட்டு அரியணையில் உரிமை இல்லையென்றும், ஆட்சி பிரித்தானிய முடிக்கு உரியதென்றும், பிரதானிகளின் உரிமைகள் காக்கப்படுமென்றும், புத்த சமயத்துக்கு ஊறு நேராதென்றும் அது கூறியது. ஒப்பமிட்ட பிரதானிகளுள் ஊவாத் திசாவை கெப்பிட்டிப்பொலவும் ஒருவர். அப்பத்திரத்தில் தமிழ் வாசகர் உன்னிப்பாக நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. சிங்களப் பிரதானிகள் சிலர் தமிழெழுத்திலும், தமிழும் சிங்களமும் விரவிய எழுத்திலும் தங்கள் ஒப்பத்தை இட்டிருக்கின்றனர். நாயக்க மன்னர் காலத்து அரசவையில் தமிழுக்கிருந்த செல்வாக்கை எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நாயக்கரை நீக்கும் பத்திரத்தில் நாயக்கர் அவையின் எழுத்தே பதிந்திருக்கின்றது!

திசாவை என்பவர் ஒரு மாகாணத்தின் தலைவர். வரி தண்டுவதும், வழக்குத் தீர்ப்பதும், இராசகாரியத்துக்கு ஆள் திரட்டுவதும், போர்க்காலத்தில் படை நடத்துவதும் அவர் பொறுப்பு. உடன்படிக்கையின்படி அப்பதவி கெப்பிட்டிப்பொலவிடமே இருந்தது. பதுளையில் அரசாங்கப் பிரதிநிதியாக இருந்தவர் சைமன் சாயர்ஸ். இருவரும் ஒரே மாகாணத்தில் பணியாற்றி நண்பர்களாயினர். இந்த நட்பு இக்கதையின் இறுதியில் எதிர்பாராத வகையில் தலைகாட்டும்.

ஆனால் பத்திரத்தில் எழுதப்பட்ட உரிமை ஒன்று, நாளாந்த வாழ்வில் நடந்தது ஒன்று. மன்னன் இருந்தபோது பிரதானியைக் கண்டு எழுந்து நின்ற மக்கள், இப்போது சிவப்புச் சட்டை அணிந்த சாதாரண சிப்பாய் கூடப் பிரதானியை மதியாது செல்வதைக் கண்டனர். எகலப்பொல அரியணையை எதிர்பார்த்திருந்தார், அது கிடைக்கவில்லை. பதவி எதுவும் வேண்டாமென மறுத்து, ஆங்கில அரசின் நண்பர் என்ற வெறும் புகழ்ப் பெயரோடு கண்டியில் வாழ்ந்தார். வெல்லச நாட்டிலே முசுலிம் ஒருவரை அங்குள்ள முசுலிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தமை அப்பகுதித் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்தது. சிறு காரணங்களாகத் தோன்றும் இவையெல்லாம் உலர்ந்த புல்லின்மேல் விழுந்த பொறிகள்.

1817 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெல்லசவிலே ஒரு புதிய அரசன் தோன்றியிருப்பதாகச் செய்தி பரவிற்று. காவி களைந்த பிக்கு ஒருவர், வில்பாவை என்னும் ஊரைச் சேர்ந்தவர், தம்மைத் துரைசாமி என்றும், வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னனின் உறவினன் என்றும் கூறிக்கொண்டார். கதிர்காமக் கடவுளின் அருள் தமக்குண்டு என்றும் சொன்னார். இதனை ஆராய்ச்சியாளர் சற்று நின்று நோக்குதல் தகும். நாயக்க மன்னனை விரட்டி இரண்டரை ஆண்டுகளே ஆகியிருந்தன. மக்களைத் திரட்ட விரும்பியவர், சிங்கள அரச குலத்தின் பெயரொன்றை எடுத்துக்கொள்ளவில்லை. துரைசாமி என்னும் தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொண்டார். வெல்லசக் குடியானவரின் நெஞ்சில் அரசன் என்றால் யார் என்பதை உடன்படிக்கையின் வாசகம் மாற்றிவிடவில்லை. இக்கலகத்தைப் பிற்காலத்து இனவாதக் கண்ணாடி கொண்டு படிப்பவர் இந்தப் பெயரை எளிதில் கடந்துவிட முடியாது.

நிலைமையை நேரில் அறியச் சென்ற பதுளைப் பிரதிநிதி டக்ளஸ் வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். கலகத்தை அடக்கிவருமாறு அரசாங்கம் அனுப்பிய ஆள் வேறெவருமல்லர், ஊவாத் திசாவைதான். சுமார் 500 பேரோடு புறப்பட்ட கெப்பிட்டிப்பொல கலகக்காரரோடு சேர்ந்துவிட்டார். சேருமுன் அரசாங்கம் தமக்குத் தந்த படைக்கலங்களைத் திருப்பி அனுப்பினார் என்பதும், பகைவரின் ஆயுதத்தால் பகைவரைத் தாக்குவது அறமன்று எனக் கருதினார் என்பதும் சிங்கள மக்கள் வழிவழியாகப் போற்றும் செய்தி. பாடசாலைப் பிள்ளைகள் அறிந்த காட்சியும் அதுவே. ஆனால் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் மரபுரையையும் சமகாலச் சான்றையும் வேறு வேறாகப் பிரித்துக்காட்டக் கடமைப்பட்டவர்.

அவர் ஏன் சேர்ந்தார்? தமக்கெதிரே நின்ற துரைசாமி பொய்யன் என்பதை அவர் அறிந்திருந்தாரா? மன்னனின் அவையில் வாழ்ந்து, அரச குடும்பத்தினரை நன்கறிந்த ஒரு பிரதானியை ஒரு வேடதாரி பல மாதங்கள் ஏமாற்றியிருக்க இயலாது. ஆகவே அவர் அறிந்தே சேர்ந்தார் எனக் கொள்வதே பொருத்தம். பொய் அரசனுக்கு முன்னே மண்டியிட்டு முதலதிகாரப் பதவியை அவர் ஏற்றது, மக்களுக்கு ஓர் அரசன் வேண்டியிருந்தமையால். அரசனில்லாமல் கண்டியில் எந்தப் படையும் கூடாது என்பதை அவர் அறிந்திருந்தமையால். இதனை வஞ்சகம் என்பாரும் உண்டு, அரசியல் மதிநுட்பம் என்பாரும் உண்டு. ஒரு நாடு தன் முடியை இழந்த நேரத்தில் வேறு வழி எது இருந்தது என்று கேட்டால், இரு சாராரும் விடை சொல்லத் தயங்குவர்.

1818 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி பிரவுன்றிக் விடுத்த பிரகடனம் கெப்பிட்டிப்பொலவையும் வேறு பல தலைவர்களையும் துரோகிகள் என்று அறிவித்து, அவர்தம் உடைமைகளைப் பறிமுதல் செய்தது. மாசி மாதத்தில் கண்டி மாகாணங்கள் யாவற்றிலும் இராணுவச் சட்டம் அமுலாயிற்று. எகலப்பொல ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். பின்னர் 1825 ஆம் ஆண்டிலே மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே 1829 ஆம் ஆண்டில் உயிர்நீத்தார். தலதா மாளிகையிலிருந்த புனித தாது பிக்குகளால் இரகசியமாக வெளியே கொண்டு செல்லப்பட்டது. தாது எங்கோ அரசும் அங்கே என்பது கண்டி மக்களின் உறுதியான நம்பிக்கையாதலால், படைத் தோல்வியைவிட இச்செய்தி ஆங்கிலேயரைக் கலக்கிற்று.

அடக்குமுறை கடுமையானது. வெல்லச என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள் சொல்வர். அவ்வயல்களின் விளைச்சல் எரிக்கப்பட்டது, வீடுகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலிருந்து துணைப்படைகள் வந்து சேர்ந்தன. ஆங்கிலேயப் படையிலே சண்டையில் மாண்டவரைக் காட்டிலும் காய்ச்சலாலும் வயிற்றுளைச்சலாலும் மாண்டவரே மிகப் பலர். கண்டி மக்களின் பக்கத்தில் போராலும் நோயாலும் பஞ்சத்தாலும் இறந்தோர் 10,000 பேர் வரை இருக்கலாம் என்று டேவி மதிப்பிட்டார். வென்ற பக்கத்து மருத்துவர் தந்த எண் இது. இதனைக் கூட்டிச் சொல்ல அவருக்கு எந்தத் தேவையுமில்லை.

அவ்வாண்டின் புரட்டாதி மாதத்திலே கலகத்தின் உள்ளே ஓர் உடைவு நேர்ந்தது. மடுகல்லை என்னும் பிரதானி, துரைசாமி வெறும் வேடதாரி என்பதைப் பகிரங்கப்படுத்தி, அவரையும் கெப்பிட்டிப்பொலவையும் பிடித்துத் தொழுவில் மாட்டினார். தலைவர்களே ஒருவரையொருவர் தளையிட்ட இந்தச் செய்தி மக்களின் ஊக்கத்தைக் குலைத்தது. விடுபட்ட கெப்பிட்டிப்பொல வடக்கே நுவரகலாவியாவை நோக்கிச் சென்றார். ஐப்பசி மாத இறுதியில், பறவாகமை என்னும் சிற்றூரில், ஓநீல் என்னும் துணைத் தளபதியின் படை ஒரு வீட்டைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே இருந்தவர்களுள் நோயுற்றுக் கிடந்த பிலிமத்தலாவையும் ஒருவர். கெப்பிட்டிப்பொல வெளியே வந்து தம்மை இன்னாரென்று கூறிப் பிடிபட்டார். சில நாட்களில் மடுகல்லையும் அகப்பட்டார், தாதுவும் மீட்கப்பட்டது. வேடதாரி மட்டும் காட்டில் மறைந்து, பல்லாண்டு கழித்தே பிடிபட்டு, மன்னிப்பும் பெற்றார். வரலாற்றின் நீதி விசித்திரமானது!

கண்டியில் இராணுவ நீதிமன்றம் கூடி மரண தண்டனை விதித்தது. தண்டனை நிறைவேறிய நாள் கார்த்திகை 25 என்று சில நூல்களும் 26 என்று சில நூல்களும் கூறும். இலங்கையில் நினைவுகூரப்படுவது 26. அன்று காலை நடந்தவற்றை மார்ஷல் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் இல்லையேல் கெப்பிட்டிப்பொல நமக்கு ஒரு வெறும் பெயராகவே இருந்திருப்பார்.

கெப்பிட்டிப்பொலவும் மடுகல்லையும் தம் விருப்பப்படி தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். திசாவை கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பழைய நண்பர் சாயர்சும் அங்கே வந்திருந்தார். தாது வைக்கப்பெறும் உள்ளறையின் வாயிற்படியில் முழந்தாளிட்டு, தாம் வாழ்நாளிற் செய்த நற்கருமங்களையும், விகாரைகளுக்கு அளித்த கொடைகளையும் பிக்குவின் முன்னிலையில் எடுத்துக் கூறினார். அடுத்த பிறவியில் இமயமலையிலே பிறந்து, ஈற்றில் நிருவாணம் எய்த வேண்டும் என்று பிரார்த்தித்தார். மேலே எறிந்த கல் நிலத்தில் வந்து விழுவது எத்துணை உறுதியோ அத்துணை உறுதியாக உமது புண்ணியத்தின் பயன் உமக்குக் கிட்டும் என்னும் பொருள்பட அப்பிக்கு வாழ்த்தினார்.

பின்னர் திசாவை எழுந்து, தாம் செய்யப்போகும் கடைசித் தானத்தின் புண்ணியத்தில் ஒரு பங்கைச் சாயர்சுக்குத் தருவதாகக் கூறினார். இடையிற் சுற்றியிருந்த மேலாடையை அவிழ்த்து மாளிகைக்குக் காணிக்கையாக வைத்தார். ஆடை அழுக்காயும் கந்தலாயும் இருப்பினும், தம்மிடம் எஞ்சியிருப்பது அதுவே ஆதலால் புண்ணியம் குறையாது என்று நகைத்தபடி சொன்னார். கொலைக்களம் வரை கூட வருமாறு நண்பரை அழைத்தார். சாயர்ஸ் பணிவோடு மறுத்துவிட்டார். மடுகல்லையோ மனந்தளர்ந்து, உள்ளறைக்குள் ஓடிப் புகலிடம் தேட, வெளியே இழுத்துவரப்பட்டார். இரண்டு மாதங்களுக்கு முன் தம்மைத் தொழுவில் மாட்டியவரின் அருகிலேயே கெப்பிட்டிப்பொல அன்று நின்றார்.

போகம்பறையில் தண்ணீர் கேட்டு வாங்கி முகமும் கைகளும் கழுவினார். தலைமயிரை உச்சியில் முடிந்துகொண்டார். ஒரு சிறு செடியருகே நிலத்தில் அமர்ந்து, உடல் அசையாதிருக்கும்பொருட்டுக் கால்விரல்களால் அச்செடியைப் பற்றிக்கொண்டார். ஆடையின் மடிப்பிலிருந்து பணச் சுவடி என்னும் சிறிய சமய ஏடொன்றை எடுத்துச் சிறிது ஓதினார். பின் அதனை அங்கு நின்ற அலுவலர் ஒருவரிடம் கொடுத்து, பதுளையிலே தாமும் சாயர்சும் ஒன்றாகப் பணியாற்றிய காலத்தில் அவர் காட்டிய அன்புக்கு நன்றியாக அதை அவரிடம் சேர்க்குமாறு வேண்டினார். பாளிச் சுலோகங்களைச் சொல்லிக்கொண்டிருக்கையில் வாள் விழுந்தது. அரகன் என்னும் புத்தரின் திருநாமம் அவர் வாயினின்றும் வெளிவந்தது. இரண்டாவது வீச்சில் உயிர் பிரிந்தது. கண்டி வழக்கப்படி, வெட்டுண்ட தலை அவருடைய மார்பின்மேல் வைக்கப்பட்டது.

இதனை எழுதிய மார்ஷலே, கலகம் வென்றிருந்தால் இம்மனிதர் துரோகி என்று தண்டிக்கப்படாமல் தேசாபிமானி என்று போற்றப்பட்டிருப்பார் என்ற கருத்தையும் அஞ்சாது எழுதினார். எதிர்த்தரப்பு அலுவலர் ஒருவரிடமிருந்து வந்த இச்சொல் அவருடைய நேர்மைக்குச் சான்று. ஆனால் அதே மார்ஷல்தான் அந்த மண்டையோட்டை எடின்பரோவிலுள்ள கபாலவியற் சங்கத்துக்கு அளித்தவர். அதனைத் தம் நூலிலேயே குறிப்பிட்டுமிருக்கிறார். ஒருவரின் இறுதி மணித்துளிகளை இத்துணைப் பரிவோடு விவரித்த கை, அவருடைய தலையையும் ஒரு மாதிரிப் பொருளாக ஒப்படைத்தது. மார்ஷலைக் கொடியவர் எனக் கூறி ஒதுக்குவதும் தவறு, அவருடைய பரிவைக் காட்டி இச்செயலை மூடுவதும் தவறு. அந்நூற்றாண்டின் அறிவுலகம் அவ்வாறு இரண்டையும் ஒரே உள்ளத்தில் தங்கவிட்டது.

கபாலவியல் என்பது மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து மனிதனின் குணங்களைச் சொல்லலாம் என்று வாதித்த ஒரு போலி அறிவியல். 1820 ஆம் ஆண்டிலே ஜோர்ஜ் கோம் முதலியோர் எடின்பரோவில் அதற்கொரு சங்கம் நிறுவினர். உலகின் நாலா பக்கங்களிலிருந்தும் மண்டையோடுகள் அங்கே வந்து குவிந்தன. அமெரிக்காவிலோ, பிலடெல்பியாவின் சாமுவேல் மோர்ட்டன் செவ்விந்தியரின் மண்டையோடுகளைச் சேகரித்து 1839 ஆம் ஆண்டில் பெருநூலொன்று வெளியிட்டார். கோம் எழுதிய கட்டுரையொன்று அந்நூலின் பின்னிணைப்பாக உள்ளது. கண்டியும் அமெரிக்கக் காடுகளும் இவ்வாறு ஒரே அலமாரியின் தட்டுக்களில் சந்தித்தன எனலாம்.

அமெரிக்கச் செவ்விந்தியரைப் பற்றிக் கூறும்போது இன்னோர் ஒப்பீடும் நினைவுக்கு வருகின்றது. ஒகாயோ நாட்டில் வாழ்ந்த வயண்டொட் என்னும் குலத்தார், 1817 ஆம் ஆண்டிலே, அதாவது வெல்லசவில் கலகம் மூண்ட அதே ஆண்டிலே, ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டுத் தம் நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்க அரசாங்கத்திடம் இழந்தனர். 1842 ஆம் ஆண்டு உடன்படிக்கை எஞ்சியதையும் பறித்தது. அடுத்த ஆண்டில் குலம் முழுவதும் மேற்கே கன்சாசுக்குப் பெயர்ந்தது. அவர்களுடைய தலைவருள் ஒருவரான வில்லியம் வாக்கர் ஆங்கிலக் கல்வி பெற்றவர். 1853 ஆம் ஆண்டில் நெபிரஸ்காப் பிரதேசத்தின் தற்காலிக ஆளுநராகத் தெரிவுசெய்யப்பட்டவர். அவர் எழுதிய நாட்குறிப்புகள் 1899 ஆம் ஆண்டில் அச்சாயின. ஆகையால் வாக்கரின் வரலாற்றை ஆராய்வோர் அவருடைய சொந்தக் குரலைக் கேட்கின்றனர். கண்டித் திசாவைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கையிலிருந்து சென்றதாக நாம் அறியும் ஏடு, போகம்பறையில் நண்பருக்குக் கொடுத்தனுப்பிய சுவடிதான். அதுவும் புத்தரின் போதனையேயன்றித் தம் கதையன்று. ஒப்பமிட்டவர்களின் கதையை ஒப்பம் வாங்கியவர்களே எழுதிவைக்கும் நிலை கண்டிக்கு மட்டும் உரியதன்று. ஆனால் கண்டியில் அது மிக முழுமையாக நிகழ்ந்தது.

மரண தண்டனைக்குச் சில நாட்கள் முன்னதாக, 1818 ஆம் ஆண்டு கார்த்திகை 21 ஆந் திகதி, பிரவுன்றிக் மற்றொரு பிரகடனத்தை வெளியிட்டார். பிரதானிகளின் அதிகாரம் ஆங்கில அலுவலரின் கைக்கு மாறிற்று. விளைச்சலில் பத்திலொரு பங்கு வரியாயிற்று. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை அமைந்தது. அப்பாதையை வகுத்த தளபதி டோசனுக்கு 1832 ஆம் ஆண்டில் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் உயர்ந்து நிற்கின்றது. படை விரைந்து செல்லவென்று வெட்டிய வழியிலே கோப்பி மூட்டைகள் இறங்கின. கம்பளையை அடுத்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் ஏறி வந்தனர். மலையகத் தமிழரின் கதையின் தொடக்கமும் இவ்வாறு 1818 ஆம் ஆண்டோடு ஒரு நூலிழையால் பிணைந்திருக்கின்றது.

எடின்பரோச் சங்கம் நாளடைவில் ஒளியிழந்தது. அதன் சேகரம் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுப் பகுதியைச் சேர்ந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரே மண்டையோடு திரும்பியது. கண்டித் திடலில் அதற்கு அமைந்த நினைவுச் சின்னத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், தலதா மாளிகைக்குப் பின்புறத்தேயுள்ள பழைய படையினர் இடுகாட்டை அடையலாம். 1824 ஆம் ஆண்டில் காய்ச்சலால் இறந்த டொயிலியின் கல்லறை அங்கே உள்ளது. உடன்படிக்கையை வரைந்தவரும், அதில் ஒப்பமிட்டுப் பின் அதனை மறுத்தவரும் ஒரே மாளிகையின் இரு புறங்களில் உறங்குகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவணமொன்று சட்டப்படி எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதற்கும் இவ்வரலாறு விடை தருகின்றது. கெப்பிட்டிப்பொல முதலியோரைத் துரோகிகள் என்ற 1818 ஆம் ஆண்டுப் பிரகடனம் சுதந்திரத்தின் பின்னரும் ஏட்டில் இருந்தது. 2016 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலேதான் இலங்கை அரசாங்கம் அதனை இரத்துச் செய்து, அதிலிருந்த 19 பேரையும் தேசிய வீரர்களாக அறிவித்தது. அடுத்த ஆண்டில் வேறு பலரின் பெயர்களும் இவ்வாறு சேர்க்கப்பட்டன. அப்பட்டியலைப் படித்துப் பார்த்தால், திசாவைக்கு அடுத்து வருவோர் மொகொட்டாலைகளும், கதிர்காமத்துப் பெத்மராலைகளும், சிற்றூர்த் தலைவர்களுமே. அவர்களுக்காக மாளிகை வாயிலில் நின்று குறிப்பெடுத்த மார்ஷல் இல்லை. பிரகடனத்தில் உள்ள ஊரும் பதவியும் பெயருமே அவர்களுடைய வரலாறாக எஞ்சியிருக்கின்றன.